மிச்சம் பிடித்த மாத்திரை

குவைத், செவ்வாய்க்கிழமை

கரமின் அம்மாவுக்கு,

உனக்கும் நம் பிள்ளை கரமுக்கும் இறைவன் நல்ல உடம்பைத் தரட்டும். உன் அம்மாவுக்கும் தரட்டும், ஆனால் என் மாத்திரையிலிருந்து வேண்டாம்.

வயிற்றுக்கடுப்புக்கு டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினார். நான்காம் நாளே வலி நின்றது. நீ போனில் என்ன சொன்னாய்? "மிச்சத்த அம்மாவுக்கு எடுத்து வைங்க. வெளிநாட்டு மருந்து, நல்லா கேக்கும்." எடுத்து வைத்தேன். மறுவாரம் ரத்தமாகப் போனது. பயப்படாதே, இப்போது எழுந்து நடக்கிறேன்.

டாக்டர் எரிந்து விழுந்தார்: "வலி நின்னா கிருமி செத்துருச்சா? அது குடல்ல காத்தே இல்லாம வாழுற ஜென்மம். இந்த மருந்து அதுக்குள்ள போனாத்தான் விஷமா மாறும், அதோட உயிர்ச்சரட்ட அறுக்கும். பாதியில விட்டா மிஞ்சுனது குட்டி போடும்யா!"

இந்த முறை ஒன்றுகூட மிச்சம் வைக்க மாட்டேன். உன் அம்மா நம் ஊர் மின்யாவிலேயே டாக்டரைப் பார்க்கட்டும்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் காய்ந்த முலூக்கியா கீரை கொடுத்தனுப்பு. கரமின் பழைய சட்டை ஒன்றையும் வை, துவைக்காமல். ஜன்னலே இல்லாத அறையில் பன்னிரண்டு பேர் படுக்கிறோம். காற்றில்லாமல் வாழ்வதை அந்தக் கிருமி எங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது.

வஹீத்