பள்ளிக்கூடத்துப் பிரிண்டரும் மச்சான் கொடுத்த கம்ப்யூட்டரும்

8 ஜூலை 1996, திங்கள்

இன்றும் அடிக்கவில்லை. பள்ளி விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன். ஃபிளோரா செபமாலை சொல்லி முடித்து, சோறு போட்டு, இரண்டு தடவை கூப்பிட்டும்விட்டாள். புதுக் கம்ப்யூட்டரின் திரையில் தமிழ் எழுத்து முத்து முத்தாக நிற்கிறது. அடி என்றால் பிரிண்டர் ஒரு தடவை கனைத்துவிட்டு சும்மா இருக்கிறது.

போன மாதம் இடி விழுந்ததில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் கருகிப்போனது. பிரிண்டர் மட்டும் தப்பித்தது. கல்வி இலாகாவுக்கு எழுதிப் போட்டு வேறு கம்ப்யூட்டர் வருவதற்குள் என் மாணவர்கள் இடைநிலைப் பள்ளியை முடித்துவிடுவார்கள். அதனால் சிரம்பான் லோபாக்கில் மச்சான் யாகப்பன் கடையில் எனக்கென்று ஒன்று எடுத்தேன். ஃபிளோராவின் அண்ணன்தானே, நல்லதாகத் தருவான் என்று நம்பினேன். பள்ளிப் பிரிண்டரை வீட்டுக்குத் தூக்கிவந்து அதோடு மாட்டினேன். அன்று பிடித்தது சனி.

ஆகஸ்ட் ஏழாம் தேதி ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதிரிச் சோதனை. இந்தப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் நான்கும் சேர்ந்து நடத்துகிறோம், பள்ளிக்கு ஒரு பாடம். எங்களுக்குத் தமிழ். தாள் தயாரிக்க வேண்டியவன் நான்.

10 ஜூலை, புதன்

கேபிளை மாற்றினேன். கனைப்பதும் நின்றுவிட்டது.

13 ஜூலை, சனி

பழைய கேபிளையே மாட்டினேன். கம்ப்யூட்டர் காட்டும் பட்டியலில் நம் பிரிண்டரின் பெயரே இல்லை. ஏறக்குறைய அதே மாதிரிப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அடித்தது! ஃபிளோராவைக் கூப்பிட்டேன். அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

'வாசித்துப் புரிந்துகொள்க' என்ற ஒரு வரிக்கு மூன்று பக்கம் அடித்தது. ஞஞஞ, கீறல், றூ, ஒரு ஸ்ரீ, மறுபடியும் ஞஞஞ. தாளைக் கக்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

"பிள்ள பயப்படப்போவுது, மெதுவா," என்றாள்.

அவளுக்கு இது ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை தங்காமல் போனது. மனசை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்ன டாக்டர் ஒரு தடவை வந்து இந்த வீட்டைப் பார்க்க வேண்டும்.

14 ஜூலை, ஞாயிறு

கோபத்தோடு பூசைக்குப் போயிருக்கக் கூடாது.

போர்டிக்சன் கோயில் வாசலில் யாகப்பனைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு வந்தான். "என்னா மச்சான், எப்படி ஓடுது?" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் எங்கிருந்து வந்ததோ. நீ கொடுத்த பெட்டி திறந்து ஒட்டியிருந்தது, நான் அன்றைக்கே பார்த்தேன், யாரோ ஓட்டின பழசைத் துடைத்து என் தலையில் கட்டிவிட்டாய் என்று கேட்டேன். சுற்றிலும் ஆட்கள். பங்குப் பேரவைக்காரர்கள், மாதர் சங்கம், எல்லாரும்.

அவன் முகம் செத்துப்போனது. பதிலுக்குக் கத்தியிருந்தால்கூட பரவாயில்லை. "கடைல ஆயிரம் பேருக்கு வித்திருக்கேன். என் தங்கச்சி வூட்டுக்கா பழசத் தருவேன்?" என்றான். பிறகு, "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்லா," என்று காரில் ஏறிவிட்டான். அவன் மனைவி மரியகொரெட்டி என்னைத் திரும்பிக்கூட பார்க்கவில்லை.

பெட்டி திறந்திருந்தது உண்மைதானே? நான் என்ன பொய்யா சொன்னேன்?

15 ஜூலை, திங்கள்

ஃபிளோரா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

17 ஜூலை, புதன்

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் நான்காம் தேதி அவளுக்கு வளைகாப்பு. தாய் தகப்பன் இல்லாதவள். அவள் பிறந்த வீடு என்று இருப்பது அண்ணன் வீடு ஒன்றுதான். வளையல் அங்கிருந்துதான் வர வேண்டும். முதல் வளையலை அவன்தான் போட வேண்டும். அவனை அழைக்க நான் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போக வேண்டும். அவள் தானாக அழைக்க முடியாது, அது முறையில்லை.

"எங்கண்ணன் வராம ஒரு வளையல்கூட என் கைல ஏறாது," என்றாள். அழவில்லை. அழுதால் சமாதானப்படுத்தலாம். வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்தப் பாழாய்ப்போன பிரிண்டர் ஒழுங்காக அடித்தால் போதும், நான் போய் அழைக்கிறேன் என்றேன். அவன் வந்து சரிசெய்து கொடுக்கட்டும், பிறகு பார்க்கலாம். அவள் உள்ளே போய்விட்டாள்.

20 ஜூலை, சனி

சிரம்பானில் வேறொரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் பிரிண்டரின் பெயரைக் கேட்டதும் சிரித்தான். "ரோசாக் ஆயிப் பாழாவறதுக்கு முன்னாடி தூக்கிப் போட்டுருங்க சார். இப்ப எல்லாம் மை தெளிக்கிற பிரிண்டர்தான்," என்றான்.

மை தெளித்தால் எனக்கு எதற்கு? எங்களிடம் நகல் எடுக்க இருப்பது கையால் சுற்றும் ரோனியோ ஒன்றுதான். அதற்கு ஸ்டென்சில் வெட்ட வேண்டும். பழைய பிரிண்டரில் ரிப்பனைக் கழற்றிவிட்டு மெழுகுத் தாளை ஓடவிட்டால் ஊசிகள் குத்தி எழுத்தை வெட்டித்தரும். எட்டு வருஷமாக அப்படித்தான் செய்கிறோம். தெளிக்கிற பிரிண்டர் மெழுகுத் தாளில் என்னத்தைக் குத்தும்? அவனுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பதற்குள் பஸ் போய்விட்டது. சீ, என்ன பிழைப்பு.

23 ஜூலை, செவ்வாய்

தலைமையாசிரியர் திருநாவுக்கரசு கேட்டார். மற்ற மூன்று பள்ளியின் தாள்களும் வந்து அலமாரியில் இருக்கின்றன. "நம்ம பள்ளியால தாமதம்ன்னு பேர் வரக்கூடாது, அந்தோணிதாஸ்," என்றார். கோபித்துக்கொண்டால் திருப்பிச் சொல்லலாம். தோளில் தட்டிவிட்டு அல்லவா போகிறார்.

24 ஜூலை, புதன்

ஞஞஞ.

28 ஜூலை, ஞாயிறு

கையால் எழுதிவிடலாம் என்று ஸ்டென்சிலில் இரும்புப் பேனாவால் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் மடங்கவில்லை. கொஞ்சம் அழுத்தினால் கிழிகிறது, விட்டால் பதியவில்லை. மொத்தம் பதினோரு பக்கம். என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பிள்ளைகளுக்குத் தனிப் பரிசு கொடுக்கலாம்.

பூசையில் யாகப்பன் குடும்பம் மறுபக்கம் உட்கார்ந்திருந்தது. 'சமாதானம் கூறிக்கொள்வோம்' என்று சாமியார் சொன்னபோது ஃபிளோரா எழுந்து நடந்து போய் அண்ணனுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தாள். கோயிலே பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வளைகாப்பு. யாரும் எதுவும் வாங்கவில்லை. இந்த வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் சொல்வதில்லை.

1 ஆகஸ்ட், வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் பிரிண்டரை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். ஃபிளோரா வந்தாள். டெலிபோனை நீளக் கம்பியோடு இழுத்துவந்து தரையில் வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து லோபாக்குக்குப் போட்டாள். "அண்ணே, அவர் பிரிண்டர் முன்னாடி இருக்காரு. நீ சொல்லு, நான் சொல்றேன்."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

இப்படி ஒரு பேச்சுவார்த்தை எங்கும் நடந்திருக்காது. அவன் பேசுவது எனக்கே கேட்கிறது. ஆனாலும் அவள் திருப்பிச் சொல்லும்வரை நான் கேட்காதவன்போல் இருக்க வேண்டும்.

"பின்னால சின்ன மூடி இருக்கான்னு கேக்குது அண்ணன்."

"இருக்குன்னு சொல்லு."

"இருக்காம்," என்றாள் போனில். பிறகு என்னிடம், "அதுக்குள்ள வெள்ளையா சின்னச் சின்ன சுவிச்சு வரிசையா இருக்கும்ங்குது."

இருந்தது. ஆனால் அந்த மூடியின்மேல் டேப் ஒட்டி, 'யாரும் தொடக்கூடாது' என்று எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுப் பள்ளி முத்திரையும் குத்தியிருந்தது. தமிழ் எழுத்துச் சிப் வைத்த அன்றைக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த ஆள் மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து யாரும் தொட்டதில்லை. இத்தனை நாளும் நான் அதைத் தூசு தட்டினேனே தவிர திறக்க நினைக்கவில்லை. முத்திரை குத்தியதை எப்படிப் பிரிப்பது?

"முத்திரை இருக்குங்கறாரு," என்றாள் ஃபிளோரா.

அந்தப் பக்கத்திலிருந்து, "கிழிக்கச் சொல்லு," என்றான்.

கிழித்தேன். அவன் விளக்கினான், அவள் சொன்னாள், எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய கம்ப்யூட்டர் எழுத்தை மட்டும் அனுப்பும்; பிரிண்டருக்குள் இருக்கும் சிப் அதைத் தமிழாக்கி அடிக்கும். புதியது எழுத்தைப் படமாகவே வரைந்து அனுப்புகிறது. சிப் அந்தப் படத்தையும் எழுத்து என்று எண்ணி வாசித்து உளறுகிறது. சிப்பை ஒதுக்கிவைக்க ஒரு சுவிட்சு உண்டு.

எது என்று அவன் சொல்வதற்குள் ஃபிளோரா, "முதுகு வலிக்குது, புடிங்க," என்று ரிசீவரை என் கையில் திணித்து, சுவரைப் பிடித்து எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். நான் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அவள்தான் கேட்கிறாள் என்று அவன் நினைத்திருக்கிறான். "ஃபிளோரா," என்றான். "இத அவன்கிட்ட சொல்லாத. பெட்டி தொறந்திருந்தது நெசந்தான். அது என் சின்னவளுக்குன்னு நான் எடுத்தது. ஒரு நாளு வூட்டுல வச்சு வெளையாடுனா. மறுநா இவன் சோதனத்தாள் அடிக்கணும்ன்னு வந்து நின்னான். கடைல வேற நல்லது இல்ல. அவகிட்ட இருந்து எடுத்துத்தான் குடுத்தேன். அவ ரெண்டு நாளு சாப்பிடல. சரி, மாமாவுக்குத்தானேன்னு சமாதானம் பண்ணேன்."

ரிசீவரை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"மச்சான், நான்தான்," என்றேன்.

லாரி ஒன்று அவன் கடை வாசலில் போன சத்தம் கேட்டது.

"எத்தனாவது சுவிச்சு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"ஏழாவது," என்றான். "அணைச்சிட்டுப் போடு."

போட்டேன். 'வாசித்துப் புரிந்துகொள்க' என்று வந்தது. வந்துவிட்டது என்று சொன்னேன். "ம்," என்று வைத்துவிட்டான்.

2 ஆகஸ்ட், வெள்ளி

அடித்தது தாளில்தான். ஸ்டென்சிலில் வேறு கதை. படமாக அடிப்பதால் ஊசி ஒரே இடத்தில் இரண்டு தடவை குத்துகிறது. சுழி உள்ள எழுத்தெல்லாம் அப்படியே பெயர்ந்து விழுகிறது. ரோனியோவில் போட்டால் ழகரம் வர வேண்டிய இடத்தில் மைக்குளம். மூன்று ஸ்டென்சில் வீண்.

எனக்கு இன்று கோபம்கூட வரவில்லை. அந்தப் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது என்பதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

3 ஆகஸ்ட், சனி

வெற்றிலை, பாக்கு, பழம், பூ. தட்டோடு லோபாக்குக்குப் போனேன். மரியகொரெட்டி கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, "நாளைக்கு ஃபிளோராவுக்கு வளையல் போடணும். நீங்க வரணும், அக்கா," என்றேன். கோயில் வாசலில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். பத்துப் பேர் முன்னால் பேசியதற்கு வாசலில் ஒரு ஆள் முன்னால் மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடுமா? அவளும் அதைத்தான் கேட்டாள்.

யாகப்பன் கடையில் இருந்தான். தட்டை அவள் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஃபிளோரா கேட்டாள். தட்டை வாங்கினார்கள் என்று மட்டும் சொன்னேன். பட்டுச்சேலையை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு மறுபடியும் உள்ளே வைத்தாள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் பள்ளி ஸ்டோரில் ரோனியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்து ஃபிளோராவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை. பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் அங்கேயே தூக்கிவந்து பெஞ்சின்மேல் வைத்திருந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. யாகப்பன். வெள்ளைச் சட்டை, கையில் ஸ்குருடிரைவர். வணக்கம்கூட சொல்லவில்லை. பெயர்ந்துபோன ஸ்டென்சிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "டிராஃப்ட்ல வச்சியா?" என்றான். இல்லை என்றேன். "அலாமா. ஒரே தடவை குத்தும்லா," என்று சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தான். முதல் பக்கம் சுத்தமாக வெட்டியது. அவன் ஸ்டென்சிலை மாட்ட, நான் சுற்ற, மை இரண்டு பேர் முழங்கைவரைக்கும் ஏறியது. பேசியதெல்லாம் 'பிடி', 'விடு', 'மெதுவா' மட்டும்தான்.

வீட்டில் வளைகாப்புக்குக் கூடிய பெண்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். இந்தப் பக்கம் முடியட்டும் என்றோம். இன்னொரு பக்கம் என்றோம். மூன்றாவது தடவை ஃபிளோராவே வந்துவிட்டாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, மூச்சு வாங்குகிறது. பின்னால் மரியகொரெட்டி வளையல் தட்டோடு, தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு.

"இங்கயே போடு," என்று அண்ணன் முன்னால் கையை நீட்டினாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். "மையா இருக்கும்மா. கழுவிட்டு வரேன்."

"போடுண்ணே."

மண்டியிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து முதல் வளையலை ஏற்றினான். கண்ணாடி வளையல், பச்சை. எனக்குப் பார்க்க முடியவில்லை; ரோனியோவைச் சும்மா ஒரு சுற்று சுற்றினேன்.

தாள்கள் கட்டி வைத்தாயிற்று. யாகப்பன்தான் தன் வேனில் மற்ற மூன்று பள்ளிக்கும் போய்க் கொடுத்தான்.

இரவு சாப்பிடும்போது பார்த்தேன். ஃபிளோராவின் மணிக்கட்டில், வளையல்களுக்குக் கீழே, அவன் நாலு விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.