அரையிறுதியில் நான் குனிந்தேன்

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்து எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதற்குள் எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்தேன், வாசல் கதவைப் பூட்டினேன், பிறகு எதற்குப் பூட்டினேன் என்று திறந்தும் வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால், "ஒரு எடத்துல ஒக்காரு ஜோதி, பாக்குற எனக்குத் தலை சுத்துது லா" என்று சொல்லியிருப்பீர்கள். சொல்ல ஆளில்லாததால் நடந்துகொண்டே இருக்கிறேன். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே, என் கால்களுக்கு ஆட்டம் முடிந்துபோனதே இன்னும் தெரியவில்லை.

ஆமாம், கூடைப்பந்து லீக் முடிந்துவிட்டது. நீங்கள் பார்க்காத முதல் சீசன். உங்களுக்குத்தான் பொறுமை கிடையாதே, அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரையிறுதியில் தோற்றோம். என்னால் தோற்றோம். எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்களா, தலையில் அடித்துக்கொள்வீர்களா? எனக்கே தெரியவில்லை.

சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது டெங்கிக் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்த மருமகள் போவதற்கு நாள் பார்க்க வேண்டாமா? கருமாதி முடிந்த மறுநாளே நான் சிரம்பானுக்குப் பயிற்சிக்குப் போனேன். சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். துக்க வீட்டுப் பெண் அரை டிரவுசர் போட்டுக்கொண்டு துள்ளுகிறாளே என்று ஒரு சித்தி என் காதுபடவே சொன்னார். அம்மா மட்டும், வீட்டில் இருந்தால் இவள் சுவரில் முட்டிக்கொள்வாள், போகட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

தொழில்முறை லீக் என்றால் நம் எஸ்டேட்டில் பலர் நான் ஏதோ மாளிகை கட்டப்போகிறேன் என்று நினைக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் லுக்குட்டில் உள்ள டயர் கடையில் பில் போட்டுவிட்டு, மாலையில் மோட்டார் சைக்கிளில் சிரம்பான் மண்டபத்துக்குப் போய், இருட்டிய பிறகு செம்பனைத் தோட்டத்துக்குள் வீடு திரும்பும் தொழில் அது. எங்கள் அணியில் பாதிப் பேருக்கு இப்படித்தான். ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் யாருக்கும் டயர் கடை நினைவில் இருக்காது.

முதல் ஹோம் மேட்ச் அன்று என் கண் தானாக உங்கள் இடத்துக்குப் போனது. எதிரணிக் கூடைக்குப் பின்னால், கம்பி ஓரம். சுங்கை காடுட் ஃபேக்டரியில் ஷிப்டு முடித்து, அந்த நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்று கத்துவீர்களே. கூடைப்பந்தின் விதி ஒன்றுகூட உங்களுக்கு ஒழுங்காகத் தெரியாது. என் மேல் யாராவது இடித்தால் அது தப்பு, நான் இடித்தால் அது ஆட்டம். இந்த ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை ரெஃப்ரிகளைத் தமிழிலேயே திட்டியிருக்கிறீர்கள்!

அந்த வழுக்கைத்தலை ரெஃப்ரியை நினைவிருக்கிறதா? கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீர்களே, அவர்தான். கம்பி ஓரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, சத்தம் போடும் அக்கா எங்கே என்று மலாயில் கேட்டார். சொன்னேன். கம்பி ஓரத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதினார். அன்றைக்கு எனக்கு எதிராக அவர் கொடுத்த ஃபவுல்களைக்கூட நான் எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டு நிமிடம் பொறுங்கள், அண்ணி. தர்ஷினி தூக்கத்தில் ஏதோ கேட்டாள்.

தண்ணீர்தான். குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள். உங்கள் மகளுக்கு உங்களைப் போலவே தூங்கும்போதும் வாய் ஓயாது. அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கருமாதி அன்றே ரெம்பாவில் இருக்கும் உங்கள் அக்கா அண்ணனிடம் கேட்டுவிட்டார். குழந்தை என் வீட்டில் வளரட்டும் என்றார். தப்பாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டேதான் கேட்டார். பெரியம்மா என்றால் இன்னொரு அம்மா அல்லவா? அவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் பக்கம். இங்கே என்ன இருக்கிறது? அண்ணன் விடிவதற்குள் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை எடுத்துக்கொண்டு போனால் மில்லில் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். அம்மாவுக்கு முட்டி வலி. மிச்சம் நான். "அத்தைக்காரி பந்து பின்னாடி ஓடுறா. பொம்பளப் புள்ளைய யாரு பாப்பா?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

அண்ணன் எதையும் நேராகச் சொல்லும் ஆளா? "ஜோதியோட லீக் முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்று தள்ளிவைத்தார்.

அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். என் தலையில் அது கல்லாக விழுந்தது. லீக் முடிந்தால் பிள்ளை போய்விடும். அப்படியானால் லீக் முடியக்கூடாது. பட்டியலில் மேலே வரும் நான்கு அணிகளுக்குத்தான் அரையிறுதி. மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோப்பைக்காக ஆடுகிறோம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டபோது நான் மட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும், இன்னும் சில நாள் தர்ஷினி நம் வீட்டில் என்று எண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

பேயாட்டம் ஆடினேன், அண்ணி. பினாங்கில் பந்தைக் காப்பாற்றப் பாய்ந்து ரசிகர்கள் மடியில் போய் விழுந்தேன். மலாக்காவில் கோச் ஓய்வுக்காக வெளியே எடுத்தபோது பெஞ்சில் உட்கார முடியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். "உட்காரு, இல்லாவிட்டால் பஸ்ஸில் போய் உட்காரு" என்று அவர் சீறினார். பஸ்ஸிலும் என்னால் உட்கார முடியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த கேப்டன் மெய் லிங், ஆடிக்கொண்டிருந்த என் முழங்காலின் மேல் தன் பையைத் தூக்கி வைத்தாள். பையும் சேர்ந்து ஆடியது.

தட்டுத் தடுமாறி நான்காவது இடத்தைப் பிடித்தோம். அரையிறுதி ஜொகூர் அணியோடு, எங்கள் சிரம்பான் மண்டபத்திலேயே.

கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து அவர்கள் கையில். நான் பிடிக்க வேண்டியது அவர்களுடைய உயரமான பெண்ணை, அவள் மூலையில் நின்று எறிந்தால் தவறாது. நடுவில் அவர்களுடைய சின்னப் பெண் ஒருத்தி பந்தோடு உள்ளே புகுந்தாள். தடுக்க ஓர் அடி வைத்தேன். அவள் பந்தைத் தன் அணிக்காரியிடம் தட்டிவிட்டு வழுக்கி விழுந்தாள். என் கால் அவள் தோளில் நன்றாகப் பட்டது. மிதித்தேன் என்றே சொல்லலாம்.

விசில் வரவில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்வது. புத்தகமோ, மனுஷரோ, வாசலில் கிடக்கும் முறமோ, எதுவானாலும் கை தானாகப் போகும். யோசித்துச் செய்யும் காரியமா அது? நான் நிமிர்ந்தபோது மூலையில் அந்த உயரமான பெண் தனியாக நின்றிருந்தாள். பந்து அவள் கையை விட்டுப் போயிருந்தது. வலை அசைந்தது, மணி அடித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மெய் லிங் என் முன்னால் வந்து நின்று, "கெனாப்பா?" என்றாள். ஏன் என்ற அந்த ஒரு சொல்தான். அவளுக்கு இது கடைசி சீசன், அடுத்த மாதம் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்குப் போகிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பேன்? யாரோ அந்தக் காட்சியை மட்டும் வெட்டிப் போனில் பரப்பிவிட்டார்கள். டயர் கடைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். முதலாளிகூட ஒருநாள் செய்தார். சிரித்து வைத்தேன். மனசு எரிந்தது.

சொன்னபடியே ரெம்பாவ் அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மா தர்ஷினியின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டு கெட்டுப்போகாத எதையோ பழுது பார்த்தார். நான் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அக்கா என்னை உட்காரச் சொன்னார். அந்த வீடியோவை அவரும் பார்த்திருந்தார்.

"மிதிபட்ட பொண்ணு ஒனக்குத் தெரிஞ்சவளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. பேருகூட தெரியாது."

"அவ்ளோ பெரிய மேட்ச்சுல, கால் பட்டது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியல. கை தானா போயிடுச்சு. அதனாலதான் எல்லாம் போச்சு."

அவர் பையை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். வெளியே லோரிக்கடியில் தட்டும் சத்தமும் நின்றுவிட்டது.

"கண்ணு பந்து மேல இருந்தும், கால் எங்க பட்டுச்சுன்னு பாத்திருக்க. நீ புள்ளைய மிதிச்சுட்டு ஓட மாட்ட. இங்கயே இருக்கட்டும். ஒனக்கு மேட்ச்சு இருக்குற நாளு நான் பஸ் ஏறி வந்துடுறேன்."

அம்மா மடித்த உடுப்பை மறுபடி பிரித்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷம்தான், அண்ணி. ஆனால் கோபமும்தான். ஊரே சிரித்த ஒரு தப்புக்கு என்னை நல்லவள் என்று சொல்லிவிட்டார்கள். மெய் லிங்கின் கோப்பையைக் கொடுத்தா நான் உங்கள் மகளை வாங்கினேன்? அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளை விஷயம் உட்பட. முன்னாலேயே சொல்லியிருந்தால் நாங்களும் அதற்காக ஆடியிருப்போமே என்றாள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அக்காவிடமும் சொல்லவில்லை, மெய் லிங்கிடமும் சொல்லவில்லை.

கூடத்தில் நாம் இருவரும் எதிரெதிராகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு டிவி பார்ப்போமே. எனக்குத்தான் கால் சும்மா இருக்காதே, உங்களை உதைத்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் குனிந்து தொட வருவேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும் நாத்தனாரே, என்னைச் சாமி ஆக்கிடாத" என்பீர்கள். நீங்கள் போன அன்று, உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, கூட்டத்தில் யாரோ தள்ள, என் கால் உங்கள் காலில் பட்டது. குனிந்து தொட்டேன். ரொம்ப நேரம் நிமிரவில்லை. அழுகிறாள் என்று என்னைத் தூக்கிவிட்டார்கள். நான் அழவில்லை, அண்ணி. உங்கள் கை வரும் என்று காத்திருந்தேன்.

அரையிறுதியில் குனிந்து எழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் ஓடிப்போய் அந்த உயரமான பெண்ணை மறித்திருக்கலாம். ஆனால் கீழே கிடந்த பெண், நான் தூக்கிவிடத்தான் குனிந்தேன் என்று நினைத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதே இடத்தில். நான் உதறவில்லை. என்னால் முடியவில்லை.

அடுத்த சீசனும் ஆடுவேன். கிளப் கூப்பிட்டால் இங்கே, இல்லாவிட்டால் வேறு எந்த அணியிலாவது. தர்ஷினியை அனுப்ப மாட்டேன். கால் பட்டால் இனிமேலும் கும்பிடுவேன், ஆனால் ஆளை மறித்துவிட்டு, விசில் ஊதியதற்கு அப்புறம். இவை எல்லாம் சத்தியம். உங்கள் கைக்காகக் காத்திருப்பதை மட்டும் விட்டுவிடுவதாகச் சொல்ல மாட்டேன்.

உங்களை ஓயாமல் உதைத்த கால்களுக்குச் சொந்தக்காரி,
உங்கள் நாத்தனார்
ஜோதி