உன் குரல் பிரிகாமாவுக்கு வந்த நாள்

தம்பிக்கு,

போனில் பேசினால் அதையும் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சர்வாதிகாரி காலத்தில் அப்பாவைக் காட்டிக்கொடுத்தது தையல்காரர் கெப்பாதான் என்று ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாயே, அது வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிவதற்குள் காம்பியா முழுக்கப் பரவி, நம் ஊர் பிரிகாமாவுக்கும் வந்துவிட்டது. கெப்பாவைக் கடையிலிருந்து இழுத்துவந்து அடித்தார்கள். நான் ஓடிப்போய், "பொய்டா! எங்கப்பாவுக்கு ஜெயிலுக்குச் சோறு கொண்டுபோன ஆளுடா இவரு!" என்று கத்தினேன். ஒருவன் போனை என் காதில் வைத்து அழுத்தினான்.

"உன் தம்பி குரல்தானே அக்கா? அவன் பொய் சொல்லுவானா?"

உன் குரல்தான்.

கடையை எரித்துவிட்டார்கள். கெப்பாவின் வலது கை இனி ஊசி பிடிக்காது என்கிறார் டாக்டர். அவர் மனைவி நியிமா என்னிடம், "யாரு சொல்லி உன் தம்பி இப்படிப் பேசினான்?" என்று மட்டும் கேட்டாள். நீயோ, "எல்லாரும்தான் சொல்றாங்க" என்பாய். வாயைத் திறக்கப் பயந்து இருபது வருஷம் கிடந்தோம். ஓட்டுப் போட்டு அந்தச் சர்வாதிகாரியை விரட்டினோம். பயம் போனதும் நீ பேசிய முதல் பேச்சு இதுவா?

கெப்பாவின் வீட்டின் மேல் ஊர்க்காரர்கள் இன்னும் கல்லெறிகிறார்கள். அதனால் அவரைக் குடும்பத்தோடு நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். உன் அறையைத்தான் கொடுத்திருக்கிறேன். என்றாவது ஊருக்கு வந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே வா.

உன் அக்கா