ஸ்பீக்கரோடு வைத்த கசெற்

ரொறன்ரோ
கார்த்திகை, 1994

அன்பின் மங்களேஸ்வரிக்கு,

நீரும் பிள்ளையும் கொழும்பில் நல்ல சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை.

உம்முடைய தம்பி கேட்ட ஸ்பீக்கர்களை என் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உமக்குப் பேசிப் பதிந்த கசெற்றை, உடையாமலிருக்க ஒரு ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒட்டினேன். கப்பலில் பெட்டி அனுப்பும் கடைக்காரர் பத்மநாதன் அண்ணை சிரித்தார்.

"ஸ்பீக்கருக்குள்ள காந்தமெல்லே இருக்கு. குரல் அழிஞ்சுபோம்."

எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரைச்சல்தான் கேட்டது.

திரும்பப் பதிய உட்கார்ந்தால், உம்முடைய பெயருக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்தக் கசெற்றையே இத்துடன் அனுப்புகிறேன். மற்றப் பக்கத்தில் நீர் பதிந்து தபாலில் போடும். பேச வராவிட்டால் சமைக்கும்போது பக்கத்தில் வைத்துப் பதியவிடும். பிள்ளை அழுதாலும் நிற்பாட்ட வேண்டாம்.

வேலைக்கு பஸ் வரப்போகிறது.

உம்முடைய,
கருணாகரன்