உன்னை விட்டுவிட்டு முடிந்த நண்டுச் சண்டை

அக்கா,

நேற்று தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் எனக்குப் பணி ஓய்வு விருந்து வைத்தார்கள். முதலில் வந்தது கண்ணாடிக் கிண்ணத்தில் நண்டு ரசம். "வயல் நண்டு சார், ஒரிஜினல்" என்றார் பரிமாறியவர். மிளகும் இடித்த நண்டும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். வயிறு சரியில்லையா என்று பக்கத்து நாற்காலிக்காரர் விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கும்பகோணத்தில் நான் கல்லூரியில் படித்தபோது விடுதியில் சாம்பார் என்று ஒன்றை ஊற்றுவார்கள். சோற்றில் விழுந்ததா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தீபாவளி லீவுக்கு நான் வந்து இறங்கும்போது ஊரில் இரண்டாம் போகத் தாளடி நடவு நடக்கும். அம்மா இறந்த பிறகு நம் வீட்டு அடுப்பு உன் கையில். நடவு முடிந்து நீ கரையேறும்போது மடியில் நண்டு இருக்கும். சேற்றில் காலில் தட்டுப்படுவதைப் பிடித்து முந்தானையில் முடிந்துகொள்வது நம் பெண்களின் வழக்கம். நட்டவளுக்கு நண்டு, அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. மிளகு, சீரகம், பூண்டோடு உரலில் இடித்து, சாறு வடித்து, புளி கரைத்துக் கொதிக்க விடுவாய். அதற்குள் பெரிய கொடுக்குகளைத் தணலில் சுட்டு என் முன்னால் போடுவாய். "ஆஸ்டல்ல இதெல்லாம் போட்டாங்களா? எலும்பும் தோலுமா வந்து நிக்கிற" என்பாய். அவ்வளவு ருசியாக அதற்குப் பிறகு நான் எதையும் தின்றதில்லை.

ஒரு வருஷம், தேர்தல் முடிந்து, ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று ஊர் ஊராக மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டது. அதற்குப் பழிவாங்க, பண்ணையார் வீட்டுக் காரியக்காரர் நண்டைத் தடுத்தார். சாயங்காலம் வரப்பில் நின்றுகொண்டு, ஒவ்வொருத்தியாக மடியை உதறிவிட்டுப் போகச் சொன்னார். "வயலு ஐயாவோடது. வயல்ல இருக்குற நண்டும் ஐயாவோடது."

அப்போது நான் வாய்க்கால் கரையில் உனக்காக நின்றிருந்தேன். நீ மடியை அவிழ்க்கவில்லை. "அப்ப, நண்டு வரப்பைத் தொளைச்சுத் தண்ணி போச்சுன்னு எங்களை ஏசுனீங்களே, அது யாரோட நண்டுங்க?" என்று கேட்டாய். பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. உன் முந்தானையை அவரே பிடித்து இழுத்து உதறினார். நண்டுகள் சேற்றில் விழுந்து ஓடின. நீ சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்தாய். மறுநாள் ஒரு பெண்ணும் வயலில் இறங்கவில்லை.

நடவு நின்றால் நாற்று முற்றிப்போகும். பண்ணையார் இறங்கி வந்தார். தாலுகா ஆபீசில் நடந்த பேச்சுவார்த்தைக்குச் சங்கத் தலைவரும் அப்பாவும் போனார்கள். கூலி உயர்ந்தது. நண்டும் பெண்களுக்கே என்று ஆயிற்று. ஒரே ஒரு நிபந்தனை. எதிர்த்துப் பேசியவள் மட்டும் இனிப் பண்ணை வயலில் கால் வைக்கக் கூடாது. "ஒரு ஆளுக்காக மறுத்திருந்தா பேச்சுவார்த்தை கலைஞ்சிருக்கும்மா. ஊரே பட்டினி கெடந்திருக்கணும்" என்று தலைவர் உன்னிடமே வந்து சொன்னார். நான் கத்தினேன். "நீ படிக்கிற வேலையப் பாரு" என்றார் அப்பா. நீ கேட்டது இதுதான்: "அங்க எம் பேரைச் சொன்னப்ப, ஒருத்தராவது முடியாதுன்னு சொன்னீங்களா?" அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் தெருவில் எல்லா வீட்டிலும் நண்டு மணத்தது. பக்கத்து வீட்டுச் சித்தி ஒரு சட்டி ரசம் கொண்டுவந்தாள். "தம்பி லீவுக்கு வந்திருக்கான்ல." நீ வாங்கி எனக்கு ஊற்றினாய். "சாப்பிடு. நண்டு மேல என்ன கோவம்?" என்றாய். நீ தொடவில்லை. நானும் தொடவில்லை.

அதன்பின் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையும் உன்னை நடவுக்குக் கூப்பிடவில்லை. அடுத்த லீவுக்கு நான் வந்தபோது நீ வேதாரண்யத்து உப்பளத்தில் இருந்தாய். காலில் வெடித்த புண் ஆறாமல், காய்ச்சலில் கிடந்து, அங்கேயே செத்தாய். தலைவருக்கு இப்போது ஊர் முகப்பில் கல்வெட்டு இருக்கிறது. வருஷா வருஷம் அதன் கீழே நின்று நண்டுப் போராட்டம் பற்றிப் பேசுகிறார்கள். உன் பேர் வருவதில்லை. செத்துப்போன தலைவரைக் குறை சொல்லாதே என்கிறார்கள். நான் சொல்வேன்.

தொழிலாளர் துறையில் எத்தனையோ சமரசப் பேச்சுகளை நடத்தினேன். எல்லாம் முடிந்து இரு தரப்பும் எழுந்திருக்கும்போது, "யாரை விட்டுட்டீங்க?" என்று கேட்பேன். முதலாளிகள் முகம் சுளிப்பார்கள், சங்கத்துக்காரர்களும் சுளிப்பார்கள். பெரும்பாலும் யாரோ ஒருத்தி விடப்பட்டிருப்பாள். "ஒரு ஆளுக்காகவா சார்?" என்பார்கள். ஆமாம், ஒரு ஆளுக்காகத்தான் என்பேன். சில இடங்களில் அந்த ஒருத்தி வேலைக்குத் திரும்பினாள். பல இடங்களில் பேச்சுவார்த்தை கலைந்தது.

கலையட்டும், அக்கா.