நாடா உடைத்த மூக்கு

மாமா,

நேற்று உங்கள் வீட்டுக் கூடத்தில், மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்தேன். கன்னத்து மருவைக் கம்ப்யூட்டரில் அழித்து, தோலை வெளுப்பாக்கி, யாரோ ஒரு நல்ல மனிதரைப் போல மாட்டியிருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

நகரியில் உங்கள் பவர்லூமில், குறுக்கே நூலோடு ஓடும் நாடாக்கட்டை தெறித்து என் மூக்கில் அடித்தபோது எனக்குப் பதினாறு வயது. நைனா இல்லாத பிள்ளை, உங்கள் தங்கை மகள், கூலி கேட்காத ஆள். பக்கத்திலேயே புத்தூர். எலும்பு முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ அங்கே கட்டுப்போட வருவார்கள். நீங்களோ, "மூக்குதானேமே, வீக்கம் தானா வத்திடும். தறி நிக்குது பாரு" என்றீர்கள். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. இடது பக்கம் மூச்சு அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தபடியே தூங்கி வளர்ந்தேன்.

பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து விமானம் ஏறிய காலம் வந்தது. திருப்பதி ஜவுளிக்கடைக்காரர் தன் அமெரிக்கா மகனுக்குப் பெண் தேடினார். அவர் சம்பந்தியானால் உங்கள் சரக்கெல்லாம் அவர் கடைக்குப் போகும். உங்களுக்குப் பெண் இல்லை, நான் இருந்தேன். அப்போதுதான் என் மூக்கு உங்கள் கண்ணில் பட்டது.

திருப்பதி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மேலே இருக்கும் மேட்டை மட்டும் சீவினால் பார்க்க நேராகத் தெரியும், உள்ளே கோணல் அப்படியே இருக்கும். எலும்பை மறுபடி உடைத்து, நேராக்கி வைத்தால்தான் மூச்சும் சரியாகும், ஆனால் முகம் வீங்கி ஆற நாளாகும் என்றார்.

"அதெல்லாம் வேணாம் சார். மூச்ச எவன் பாக்கப் போறான்? போட்டோல நேரா தெரிஞ்சா போதும். மாப்ள லீவுல வந்துக்கினு இருக்காரு" என்றீர்கள் நீங்கள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீக்கு ஏம் காவாலம்மா?" எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை எவரும் கேட்டதில்லை.

"எலும்ப சரி பண்ணுங்க சார். இல்லன்னா நான் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன்."

கூட வந்திருந்த அம்மா குனிந்த தலை நிமிராமல், "அவ சொல்றமாரியே செய்ங்க" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மூக்கில் கட்டு, கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறம். காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். "ஊர்ல என் மூக்க அறுத்துட்டியேமே!" என்று கத்தினீர்கள். சிரித்தால் வலித்தது, ஆனாலும் கட்டுக்குள் சிரித்தேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குத் தையல் கம்பெனி வேலைக்குப் போனேன். சாகும்வரை நீங்கள் எங்களோடு பேசவில்லை. நீங்கள் செய்த ஒரே உபகாரம் அது.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா" என்று அத்தை நேற்று கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லவில்லை. அன்று டாக்டர் முன்னால் 'மாட்டேன்' என்று சொன்ன அந்தப் பெண்ணைத்தான் இத்தனை வருடமும் கூட வைத்திருக்கிறேன். உங்களுக்காக அவளை விட்டுக்கொடுக்க முடியாது.