லேலண்டின் வாள்

ஜனவரி 11, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் தடவையும் ஆட்ட விதி பற்றிய சந்தேகம்தான், கோபித்துக்கொள்ளாதே. கெட்டி அட்டை போட்ட புத்தகத்தை இந்தச் சிறைக்குள் விடமாட்டேன் என்கிறார்கள். என் விதிப் புத்தகங்கள் எல்லாம் உன் அலமாரியில் இருக்கின்றன. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிச் சாகசக் கதை நடத்தும் எங்கள் ஆட்டத்தில் இப்போது மூன்று பேர். கதையை நடத்துவது நான். லேலண்ட் போர்வீரனாக ஆடுகிறான். வெறும் போர்வீரன், வேறு வித்தை எதுவும் கிடையாது. ஆரின் இரட்டைத் தொழில்காரன். போர்வீரனும் மந்திரவாதியும் ஒரே ஆளில். பகடைக்கும் தடை என்பதால், எண் எழுதிய காகிதத் துண்டுகளை ஒரு காலுறையில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம்.

லேலண்ட் நீள்வாளில் தனித் தேர்ச்சி எடுத்திருக்கிறான். அது இருந்தால் அடி பலமாக விழும், எதிராளி ஒரு வீச்சு வீசுவதற்குள் இவன் இரண்டு வீசலாம். இப்போது ஆரினும் அதைக் கேட்கிறான். தானும் பாதிப் போர்வீரன்தானே என்கிறான். இரட்டைத் தொழில்காரனுக்கு அது உண்டா இல்லையா, பார்த்து எழுது. ஒரு வரி போதும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
டேரல்

*

ஷெபாய்கன்
ஜனவரி 20, 1987

அன்புள்ள டேரல்,

உன் கடிதம் வந்த அன்று சமையலறைக் குழாய் உறைந்து வெடித்திருந்தது. அம்மா படுக்கையில் இருந்தபடியே "தண்ணி சத்தம் கேக்குது, தண்ணி சத்தம் கேக்குது" என்று கத்திக்கொண்டிருந்தாள். விழுந்து முறிந்த இடுப்பு எலும்பு இன்னும் கூடவில்லை. கழிப்பறைக்குக் கூட்டிப் போக என் தோள்தான். அதற்குப் பிறகு பாலாடைக்கட்டி ஆலைக்கு ஓட வேண்டும். பேக்கிங் பெல்ட்டின் முன்னால் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில்: புதிய புத்தகத்தில் "தனித் தேர்ச்சி போர்வீரர்களுக்கு மட்டும்" என்று இருக்கிறது. ஆகவே ஆரினுக்குக் கிடையாது. இந்த ஆட்டத்தை ஒரு நாள்கூட ஆடாத எனக்கு, மந்திரவாதி எந்தக் கவசம் போடக் கூடாது என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. ஆலையில் சொன்னால் சிரிப்பார்கள்.

போன கடிதத்தில் நான் ஒன்று கேட்டிருந்தேன். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று. நீ அதைத் தொடவே இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மார்லிஸ்

*

பிப்ரவரி 1, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதை ஆரின் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க அக்கா சொன்னா ஆச்சா? பக்கத்தைக் காட்டு" என்கிறான். சிரமம் பார்க்காமல் அந்தப் பக்கத்தையும், பழைய புத்தகத்தில் இரட்டைத் தொழில் பற்றி வரும் பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பு.

ஆரின் கெட்டவன் இல்லை. ஐம்பது வயது. நான் வந்த புதிதில் சலவைக்கூடத்தில் யாரோடு பேசலாம், யாரைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். மே மாதம் விடுதலையாகிறான். லேலண்ட் சின்னப் பையன். தலை நரைத்த பிறகுதான் வெளியே போவான். அவனைப் பார்க்க யாரும் வருவதில்லை. வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகக் காத்திருப்பான்.

அம்மா விஷயத்தில் நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

டேரல்

*

ஷெபாய்கன்
பிப்ரவரி 10, 1987

அன்புள்ள டேரல்,

இரண்டு பக்கங்களையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். விரல் மரத்துவிட்டது. எழுதும்போதுதான் பழைய புத்தகத்தில் அந்த வரியைக் கவனித்தேன்: "இரட்டைத் தொழில் கொண்டவர் இரண்டு தொழில்களின் நன்மைகளையும் பெறுவார்." புதிய புத்தகம் போர்வீரர்களுக்கு மட்டும் என்கிறது, இரட்டைத் தொழில்காரன் போர்வீரனில் சேர்த்தியா இல்லையா என்று எங்கேயும் சொல்லவில்லை. முதலில் நான் எழுதியது அவசரப்பட்டு எழுதியது. எழுதியவர்களே யோசிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

நான் என்ன செய்தாலும் உனக்குச் சம்மதம் என்கிறாய். சேர்த்துவிட்டால் அது நான் செய்தது. சேர்க்காமல் அம்மா மறுபடி விழுந்தாலும் அது நான் செய்தது. உன் சம்மதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண?

மார்லிஸ்

*

பிப்ரவரி 22, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. நீ எழுதி அனுப்பியதில் அந்த ஒரு வரியை ஆரின் பிடித்துக்கொண்டான். இரண்டு நன்மைகளும் என்று எழுதியிருக்கிறதே, அதில் வாளும் சேர்த்திதானே என்று சத்தமாகப் படித்துக் காட்டினான். லேலண்ட் சொன்னான்:

"உனக்கு மந்திரம் இருக்கு. நெருப்பு எறியற, பறக்கற. மே மாசம் வீட்டுக்கும் போயிடுவ. எனக்கு இந்த வாள் ஒண்ணுதான்யா."

ஆரின் அவனைப் பார்க்கக்கூட இல்லை. "அழுதா விதி மாறிடுமா?" என்றான்.

லேலண்ட் மேஜையைக் கவிழ்த்துவிட்டான். காவலர் வந்து, இன்னொரு தடவை சத்தம் கேட்டால் ஆட்டமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு உதவி செய். பழைய புத்தகப் பக்கத்தை அந்த வரி இல்லாமல் திரும்ப எழுதி அனுப்பு. முதலில் தவறுதலாக வேறு பதிப்பைப் பார்த்துவிட்டாய் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஆரினுக்கு உன்மேல்தான் கோபம் வரும். அவனுக்கு உன்னைத் தெரியப்போவதில்லை.

டேரல்

*

ஷெபாய்கன்
மார்ச் 3, 1987

அன்புள்ள டேரல்,

அந்த வரியை விட்டு எழுத மாட்டேன்.

ஆரினுக்காக இல்லை. லேலண்டுக்குத்தான் வாள் போக வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நீ. உன் நண்பன் உன்னைக் கோபிக்கக் கூடாது, ஷெபாய்கனில் இருக்கும் யாரோ ஒரு பெண்ணைக் கோபிக்கட்டும் என்று பார்க்கிறாய். விதிப் புத்தகத்தின் முன்னுரையை நேற்றுதான் படித்தேன். சந்தேகம் வரும் இடத்தில் ஆட்டத்தை நடத்துபவர் முடிவு செய்யலாம் என்று போட்டிருக்கிறார்கள். உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அம்மாவை வியாழக்கிழமை இல்லத்தில் சேர்த்துவிட்டேன். கட்டிலில் படுக்கவைத்த பிறகு, "டேரலுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அவன் என்ன சொன்னான்?" என்றாள். ஜன்னல் திரையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் இல்லை டேரல். அசதிதான். கோபப்படவும் தெம்பு வேண்டும். இனிமேல் விதி எதுவும் கேட்டு எழுதாதே. வேறு எது வேண்டுமானாலும் எழுது.

மார்லிஸ்

*

மார்ச் 16, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். பதில் எழுத உட்கார்ந்தால் விதியைத் தவிர எழுத ஒன்றும் வரவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். "புத்தகம் ரெண்டு விதமாவும் இருக்கு. வாள் லேலண்டுக்கு மட்டும்தான்" என்றேன். ஆரின், "எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" என்று கேட்டான்.

"எந்தப் பக்கத்துலயும் இல்ல. நான் சொல்றேன்."

ஆரின் தன் மந்திரவாதியின் விவரங்கள் எழுதிய தாளை நாலாகக் கிழித்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனான். இப்போது சாப்பாட்டுக்கு வேறு வரிசையில் உட்காருகிறான். சலவைக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மே மாதத்துக்குள் பேசுவான் என்று தோன்றவில்லை. லேலண்டுக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தன்னால்தானே ஆரின் போய்விட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான்.

அம்மாவுக்கு இல்லத்து முகவரிக்கே தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். "உன்னை அங்கே சேர்த்தது நானும் மார்லிஸும் சேர்ந்து எடுத்த முடிவு, திட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத் திட்டு" என்று அவளுக்கு எழுதினேன். திட்டி எழுதுவாள். எழுதட்டும்.

இரண்டு பேரோடு ஆட்டம் நொண்டுகிறது, ஆனாலும் நடக்கிறது. நேற்று ஒரு குகையில், வலது கையில் வாளைப் பிடித்தபடியே இடது கையால் குத்துவாளை எறியலாமா என்று லேலண்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"உங்க அக்காவுக்கு எழுதிக் கேளேன்" என்றான்.

"வேணாம். அவ தூங்கட்டும்" என்றேன்.

உன் தம்பி,
டேரல்